ஹாட்ஜஸ் விட்டுப்போன நாற்காலி

ட்ரம்பெட் கற்றுக்கொள்ளும் பிள்ளை என்றாவது ஒருநாள் ஹார்டுவேர் கடைக்குப் போயாக வேண்டும். கழிப்பறை அடைப்பெடுக்க, கம்பின் நுனியில் ரப்பர் கிண்ணம் மாட்டி விற்பார்களே, அதில் ஒன்று வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கிண்ணத்தை மட்டும் இடது கையில் பிடித்துக்கொண்டு ட்ரம்பெட்டின் வாயை மூடியும் திறந்தும் ஊதிப் பார்க்க வேண்டும். மூடினால் ‘ஊ’. திறந்தால் ‘வா’. கூடவே அடித்தொண்டையில் ஓர் உறுமல். இந்த மூன்றும் ஒன்றுசேரும் நாளில் பித்தளைக் குழாய்க்குப் பேச்சு வந்துவிடும். கெஞ்சும், அழும், வம்புக்கு இழுக்கும்.

1920-களில் டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் பப்பர் மைலி ட்ரம்பெட்டிலும், ‘ட்ரிக்கி சாம்’ நான்டன் டிராம்போனிலும் இந்த வித்தையால்தான் நியூயார்க்கைக் கட்டிப்போட்டார்கள். மைலி 1932-இல், 29 வயதிலேயே இறந்துவிட்டார். நான்டனும் 1946-இல் போய்விட்டார். ஆனால் அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் 16 வயதுப் பிள்ளைகள் இன்றைக்கும் அதே ரப்பர் கிண்ணத்தோடு ஒத்திகைக்கு வருகிறார்கள். பல பள்ளிகளில் ஒத்திகை, காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தூக்கக் கலக்கத்தோடு வந்து, கொள்ளுத் தாத்தா காலத்துப் பாட்டுகளை வாசிக்கிறார்கள்.

பிக் பேண்ட் என்பது ஏறத்தாழ 15 பேர் கொண்ட ஜாஸ் குழு. முன்வரிசையில் 5 சாக்ஸபோன்கள், பின்னால் டிராம்போன்கள், அதற்கும் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ட்ரம்பெட்டுகள், ஓரமாகப் பியானோ, கிதார், டபுள் பாஸ், டிரம்ஸ். 1930-களிலும் 40-களிலும் அமெரிக்கா ஆடியது இந்த இசைக்குத்தான். போருக்குப் பிறகு அந்தக் காலம் முடிந்தது. அவ்வளவு பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் சம்பளம் கொடுக்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. தொழில்முறைக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இன்று இந்தப் பாட்டுகளை வாரம் தவறாமல், 15 பேர் ஒன்றாக உட்கார்ந்து, உயிரோடு வாசிக்கும் இடங்களைத் தேடினால் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில்தான் போய் நிற்போம். ஏதோ பிழைத்துக்கிடந்த கலைக்குக் கிடைத்த ஒதுக்கிடம் என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த இசை தன் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

தாளில் இல்லாதது

எலிங்டன் 1899-இல் வாஷிங்டனில் பிறந்து 1974-இல் மறைந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். ஆனால் அவர் எழுதியது ட்ரம்பெட்டுக்கோ சாக்ஸபோனுக்கோ என்று சொல்லிவிட முடியாது. அவர் ஆட்களுக்கு எழுதினார். அவருடைய குழு வாசித்த தாள்களின் தலைப்பில், வாத்தியத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாசிப்பவரின் செல்லப்பெயர் இருக்கும். ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸ் எப்படி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவார், ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸபோன் கீழே எவ்வளவு கனமாக அதிரும் என்றெல்லாம் மனதில் ஓடவிட்டுத்தான் அவர் பேனாவைத் தொடுவார்.

1930-இல் வந்த ‘மூட் இண்டிகோ’வைக் கேளுங்கள். தொடக்கத்தில் மூன்றே வாத்தியங்கள். சாதாரணமாக மேலே கிளாரினெட், நடுவில் ட்ரம்பெட், அடியில் டிராம்போன் என்றுதான் யாரும் அடுக்குவார்கள். எலிங்டன் தலைகீழாக்கினார். வாயடைத்த டிராம்போனை உயரத்தில் ஏற்றி ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். கிளாரினெட்டை அதன் கீழ்ச்சுரங்களுக்குள் இறக்கி அடியில் வைத்தார். மூன்றும் சேர்ந்தபோது எந்த வாத்தியத்துக்கும் சொந்தமில்லாத நான்காவது குரல் ஒன்று கேட்டது. தாளைப் பார்த்து வாசிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த நான்காவது குரல் முதல் நாள் வராது. மூவரும் தம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மற்ற இருவரையும் கேட்கத் தொடங்கும் அன்றுதான் வரும்.

இந்தத் தாள் விஷயமே ஒரு பெரிய கதை. எலிங்டன் குழுவின் கையெழுத்துத் தாள்களைப் பல காலம் வெளியார் பார்க்க முடியவில்லை. 1988-இல் அவை ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 2 லட்சம் பக்கம் ஆவணங்கள். அதற்கு முன்பே டேவிட் பெர்கர் என்ற இசையமைப்பாளர், பழைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, எந்த வாத்தியம் எந்தச் சுரத்தைப் பிடிக்கிறது என்று காதாலேயே பிரித்து எழுதத் தொடங்கியிருந்தார். மூன்று நிமிடத் தட்டு, கரகரப்பு, ஒரே நேரத்தில் 15 பேர். 5 சாக்ஸபோன்களில் நான்காவது ஆள் என்ன வாசிக்கிறார் என்று அதிலிருந்து தோண்டி எடுப்பது கிணற்றில் விழுந்த ஊசியைத் தேடுவது போன்ற வேலை.

அந்த உழைப்புதான் பள்ளிகளின் கைக்கு வந்தது. நியூயார்க்கின் ‘ஜாஸ் அட் லிங்கன் சென்டர்’ நிறுவனமும் அதன் கலை இயக்குநரான ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்சலிஸும் 1995-இல் எலிங்டன் இசையின் தாள்களை உயர்நிலைப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பத் தொடங்கினார்கள். ‘எஸென்ஷியலி எலிங்டன்’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் நியூயார்க் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும். பிறகு நாடு முழுவதும். அதன் பிறகு எல்லைகளைத் தாண்டியும். பின்னாட்களில் கவுன்ட் பேஸி போன்ற மற்ற மேதைகளின் பாட்டுகளும் சேர்ந்தன. பதிவை அனுப்பிப் போட்டியிடும் பள்ளிகளிலிருந்து வழக்கமாக 15 குழுக்கள் தேர்வாகி, மே மாதத்தில் நியூயார்க் போகின்றன.

தாள் கிடைத்துவிட்டது. அதோடு வேலை முடிகிறதா? அங்கேதான் தொடங்குகிறது. தாளில் சம அளவான இரண்டு சுரங்கள் எழுதியிருக்கும். எழுதியபடியே வாசித்தால் ராணுவ நடை வந்துவிடும். முதல் சுரத்தைச் சற்று நீட்டி இரண்டாவதைக் குறுக்க வேண்டும். எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. மெதுவான பாட்டில் ஓர் அளவு, வேகம் கூடக்கூட இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். சில சுரங்களை விழுங்க வேண்டும். அவை இருப்பது தெரிய வேண்டும், கேட்கக் கூடாது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ‘ஸ்விங்’ என்று பெயர். நல்ல ஆசிரியர்கள் தாளை மூடச் சொல்கிறார்கள். இசைத்தட்டைப் போட்டு, வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, அவரவர் பகுதியை வாயால் பாடச் சொல்கிறார்கள். வாயில் வராதது விரலில் வராது.

டிரம்ஸ் வாசிப்பவருக்கு இன்னும் கஷ்டம். ராக் இசை கேட்டு வளர்ந்த பிள்ளை பெரிய டிரம்மைக் காலால் ஓங்கி மிதித்துப் பழகியிருக்கும். இங்கே அதே டிரம்மை நான்கு தட்டுக்கும் இறகால் வருடுவது போலத் தொட வேண்டும். சபைக்கு அது கேட்கக் கூடாது. ஆனால் நிறுத்திவிட்டால் ஏதோ குறைகிறதே என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். கிதாரும் அப்படித்தான். பேஸியின் குழுவில் ஃப்ரெடி கிரீன் 1937 முதல் 1987-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள், பெரும்பாலும் ஒலிபெருக்கி இல்லாமல், தட்டுக்கு ஒரு மீட்டல் என்று வாசித்துக்கொண்டே இருந்தார். பதினாறு வயதில் மின்கிதார் வைத்திருக்கும் பையனை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, உன்னை யாரும் தனியாகக் கவனிக்கக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு அவன் சம்மதித்துவிட்டால், அந்தக் குழு பாதி தேறிவிட்டது என்று அர்த்தம்.

பதினேழு வயது கார்னி

‘கிழவர்கள் வாசித்ததைப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும். ஹாரி கார்னி 1927-இல் எலிங்டன் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. பாஸ்டன் நகரத்துப் பையன். பள்ளி இறுதி வகுப்பில் இருக்க வேண்டிய வயது. அதே ஆண்டு டிசம்பரில்தான் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் காட்டன் கிளப்பில் எலிங்டனின் புகழ்பெற்ற நாட்கள் தொடங்கின. கார்னி அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 1974 மே மாதம் எலிங்டன் இறக்கும்வரை, 46 ஆண்டுகளுக்கு மேல், அங்கேயே இருந்தார். அக்டோபரில் அவரும் போய்விட்டார். டபுள் பாஸ் வாசிப்பையே மாற்றிப்போட்ட ஜிம்மி பிளான்டன் குழுவுக்கு வந்தபோது வயது 21. காசநோயில் இறந்தபோது 23. இது இளம்பிள்ளைகளின் மூச்சில் பிறந்த இசை.

பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் உள்ள உறவு அதைவிட நேரடியானது. மெம்ஃபிஸ் நகரத்தின் மனாசஸ் உயர்நிலைப் பள்ளியில் 1920-களின் பிற்பாதியில் ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் என்றொரு ஆசிரியர் இருந்தார். விளையாட்டுப் பயிற்சி கொடுக்க வந்தவர், மாணவர்களைச் சேர்த்து ஒரு ஜாஸ் குழு அமைத்தார். டிரம்ஸுக்கு ஜிம்மி கிராஃபோர்ட், பாஸுக்கு மோசஸ் ஆலன், இரண்டு பேரும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள். அந்தக் குழு கலையவில்லை. ஆசிரியரும் மாணவர்களுமாக வெளியே கிளம்பி, கஷ்டப்பட்டு, 1934-இல் காட்டன் கிளப் மேடையில் ஏறினார்கள். எலிங்டன், பேஸி என்று பெரிய குழுக்களை எண்ணும்போது லன்ஸ்ஃபோர்டின் பெயரும் அந்த வரிசையில் வரும்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த இண்டஸ்ட்ரியல் உயர்நிலைப் பள்ளியில் ஃபெஸ் வாட்லி என்பவர் அச்சுத் தொழில் கற்றுக்கொடுத்தார். அச்சுக்கோக்கும் அதே கண்டிப்போடு பேண்டையும் நடத்தினார். தன்னை விண்வெளியிலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டு பின்னாளில் ஜாஸ் உலகத்தைத் திகைக்கவைத்த சன் ரா அந்தப் பள்ளியில் படித்தவர். அதே பர்மிங்ஹாமில் பிறந்த எர்ஸ்கின் ஹாக்கின்ஸின் குழு, அலபாமா மாநிலக் கல்லூரி மாணவர்களின் குழுவாகத் தொடங்கியது. அவர்கள் 1939-இல் வெளியிட்ட ‘டக்ஸீடோ ஜங்ஷன்’, ஒரு டிராம் நிறுத்தத்தின் பெயர். அதை க்ளென் மில்லர் எடுத்து வாசித்து இன்னும் பெரிய புகழ் பெற்றார். இன்றைய பள்ளிக் குழு அந்தப் பாட்டை வாசிக்கும்போது, மாணவர்களாகத் தொடங்கியவர்கள் உருவாக்கியதை மாணவர்களே வாசிக்கிறார்கள்.

சிகாகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளியையும் வால்டர் டையட் என்ற ஆசிரியரையும் விட்டுவிட முடியாது. டைனா வாஷிங்டன், ஜீன் ஆமன்ஸ், ஜானி கிரிஃபின் என்று அவர் கையில் வளர்ந்தவர்களை எண்ணினாலே ஒரு ஜாஸ் வரலாறு கிடைக்கும்.

ஆனால் என்னை மிகவும் கலங்கவைக்கும் கதை மிஸிஸிப்பியில் நடந்தது. பைனி வுட்ஸ் என்ற ஊரகப் பள்ளி. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கு நிதி திரட்டத் தலைமையாசிரியர் லாரன்ஸ் ஜோன்ஸ் 1937-இல் மாணவிகளை மட்டும் கொண்டு ஒரு பிக் பேண்ட் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்று பெயர். நிற வெறி ஆட்டிப்படைத்த தெற்கில் கறுப்பினப் பெண்களுக்கு விடுதி கிடைக்காது. பஸ்ஸிலேயே படுத்து எழுந்தார்கள். 1941-இல் பள்ளியை விட்டுப் பிரிந்து சொந்தமாகக் குழு நடத்தினார்கள். பிறகு வெள்ளைக்காரப் பெண்களும் சேர்ந்தார்கள்; அந்தக் காலத்துச் சட்டப்படி இரண்டு நிறத்தாரும் ஒரே மேடையில் வாசிப்பதே தெற்கில் ஆபத்து. 1945-இல் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு வாசித்துவிட்டு வந்தார்கள். 1949-இல் குழு கலைந்தது. பள்ளிக்குப் பணம் சேர்க்கக் கிளம்பிய பெண் பிள்ளைகள் அவர்கள். ட்ரம்பெட் வரிசையில் உட்காரத் தயங்கும் எந்த மாணவிக்கும் முதலில் இவர்களுடைய இசைத்தட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், அமெரிக்கக் கல்வி உலகம் ஜாஸ் என்ற சொல்லைச் சொல்லவே நெடுங்காலம் கூசியது. 1947-இல் வடக்கு டெக்ஸஸ் கல்லூரி இந்த இசைக்குப் பட்டப்படிப்பு தொடங்கியபோது ‘நடனக் குழு’ என்றுதான் பெயர் வைத்தது. பள்ளிகளில் ‘மேடைக் குழு’. பெயரை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டியிருந்தது, அந்த மண்ணிலேயே பிறந்த இசை.

சியாட்டிலின் இரண்டு பள்ளிகள்

மழைக்குப் பெயர்போன சியாட்டில் நகரத்துக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2002 முதல் 2010 வரை நடந்த 9 எஸென்ஷியலி எலிங்டன் போட்டிகளில் 7 முறை முதலிடம் அந்த ஊரின் இரண்டு அரசுப் பள்ளிகளுக்குத்தான்: கார்ஃபீல்டுக்கு நான்கு, ரூஸ்வெல்ட்டுக்கு மூன்று.

கார்ஃபீல்ட் பள்ளி இருப்பது நகரத்தின் பழைய கறுப்பினக் குடியிருப்பில். பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான குயின்ஸி ஜோன்ஸ் படித்த பள்ளி அது. 1940-களில் அந்த ஊர் ஜாக்ஸன் தெருவின் கிளப்புகளில் விடிய விடிய ஜாஸ் நடந்தது. ரே சார்ல்ஸ் என்ற பார்வையற்ற இளைஞர் வந்து சேர, பள்ளி மாணவனான ஜோன்ஸ் அவரோடு ஒட்டிக்கொண்டார். அதற்கெல்லாம் பிறகு, 1971-இல் நியூ ஆர்லியன்ஸ்காரரான கிளாரன்ஸ் ஏகாக்ஸ் இசை ஆசிரியராக கார்ஃபீல்டுக்கு வந்தார். வந்தவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே இருந்தார். பக்கத்து நடுநிலைப் பள்ளியிலும் ஜாஸ் குழு நடந்ததால், பிள்ளைகள் 11 வயதிலேயே ஸ்விங் பழகிக்கொண்டு வந்தார்கள். சியாட்டிலின் ரகசியம் அவ்வளவுதான்: ஊர்விட்டு ஊர் மாறாத ஆசிரியர்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. பாரிடோன் சாக்ஸபோன் ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர். வாரந்தோறும் தனிப் பாடம், கோடை முகாம், நியூயார்க் பயணச் செலவு. இவற்றுக்கு வசதியுள்ள பெற்றோர் சங்கம் வேண்டும். வறிய கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய இசையை வாசிக்கும் நாற்காலிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே உட்காரும் நிலை பல ஊர்களில் வந்திருக்கிறது. இலவசமாகத் தாள் அனுப்பினால் மட்டும் இது தீராது. பள்ளிக்கே சொந்தமான வாத்தியங்கள் வேண்டும், தொடக்கப் பள்ளியிலேயே இசை வகுப்பு வேண்டும். முடியாத காரியமும் அல்ல. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரத்தில் டில்லார்ட் பள்ளி இருக்கிறது. நிறப்பாகுபாட்டுக் காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளி. 1940-களின் கடைசியில் அங்கே பேண்ட் ஆசிரியராக இருந்தவர் கேனன்பால் ஆடர்லி. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மைல்ஸ் டேவிஸோடு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவில் ஆல்ட்டோ வாசித்த அதே ஆடர்லி. டில்லார்ட் குழு நியூயார்க் போட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முதலிடம் பிடித்திருக்கிறது.

கீழே ஓடும் ரயில்

போட்டி நடப்பது மன்ஹாட்டனின் கொலம்பஸ் சர்க்கிளில், 2004-இல் திறந்த ரோஸ் அரங்கத்தில். நேரலையாக ஒளிபரப்புகிறார்கள். நியூயார்க்கில் இரவு ஏழரை என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. சில ஆண்டுகளாக மே மாதத்தில் அலாரம் வைத்து எழுந்து பார்த்துவருகிறேன். கறுப்புக் கோட்டு போட்ட பிள்ளைகள் தோளை உயர்த்தி மூச்சிழுப்பதைப் பார்க்கும்போது எனக்கே வயிற்றில் பிசையும். கடைசி இரவு, முதல் மூன்று இடத்துக்கு வந்த குழுக்கள் மட்டும் வாசிக்கும். மார்சலிஸே வந்து அவர்கள் நடுவில் நின்று தனி வாசிப்பு வாசிப்பார். உலகறிந்த ஒரு கலைஞர் பக்கத்தில் ஊதும்போது, பின்வரிசைப் பையன் தன் தாளைத் தவறவிடாமல் இருக்க வேண்டும்.

அந்த அரங்கத்துக்குக் கீழேதான் ஏ ரயில் ஓடுகிறது. 59-ஆம் தெரு நிலையத்தில் ஏறினால், அடுத்த நிறுத்தம் ஹார்லெமின் 125-ஆம் தெரு. எலிங்டன் தன் வீட்டுக்கு வரச் சொன்ன வழியையே, அவரோடு சேர்ந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் ‘டேக் தி ஏ ட்ரெயின்’ பாட்டாக்கினார். 1941 தொடக்கத்தில் வானொலி நிலையங்களுக்கும் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் சண்டை வந்து எலிங்டனின் சொந்தப் பாட்டுகளை ஒலிபரப்ப முடியாமல் போனது. அந்த நெருக்கடியில், தடையில் சிக்காத ஸ்ட்ரேஹார்னின் இந்தப் பாட்டு குழுவின் முகப்புப் பாட்டாகிவிட்டது. அதே ரயிலுக்கு மேலே உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசிக்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஸ்ட்ரேஹார்னைப் பற்றி இன்னொன்று. 1963-இல் அமெரிக்க அரசு எலிங்டன் குழுவை மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பியது. டெல்லி, மதராஸ், பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று அவர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள். நவம்பரில் அதிபர் கென்னடி கொல்லப்பட்டதும் பயணம் பாதியில் நின்றது. அந்தப் பயணத்தின் நினைவில் எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து உருவாக்கியதுதான் ‘ஃபார் ஈஸ்ட் ஸ்யூட்’. அதில் ‘ப்ளூபேர்ட் ஆஃப் டெல்லி’ என்று ஒரு பகுதி. டெல்லியில் ஸ்ட்ரேஹார்னின் அறையருகே ஒரு மைனா திரும்பத் திரும்ப ஒரே மெட்டைக் கூவிக்கொண்டிருந்ததாம். அவர் அதைப் பிடித்துவைத்துக்கொண்டார். ஊருக்குப் போய் அந்தக் கூவலை ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்டுக்குக் கொடுத்தார்.

ஹாமில்டனின் அந்த நாற்காலியிலும் இப்போது பள்ளிப் பிள்ளைகள்தான் உட்காருகிறார்கள். சியாட்டில் மரங்களில் மைனா கிடையாது. கிளாரினெட் மாணவி இசைத்தட்டைப் போட்டு, நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடியும் கேட்டு, ஒரு பறவையின் குரலை ஹாமில்டனின் மூச்சிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். இங்கே ஐந்தரை மணிக்கு நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே என் ஜன்னலுக்கு வெளியே, மின்கம்பியில் உட்கார்ந்து அவை கத்தத் தொடங்கிவிடும்.